கிரேக்கத்துக்குப் போன மாவுப் பீப்பாய்கள்

தங்கை வீட்டுக்காக மிச்சிகன் போயிருந்தபோது ஒருநாள் மாலை அவள் கூட்டிப்போன ஊர் இப்சிலாண்டி. அங்கே இருப்பவர்கள் சுருக்கமாக ‘இப்சி’ என்கிறார்கள். ஊரின் மேட்டில் கல்லால் கட்டிய பழைய தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் ஒன்று. அதன் அடியில் ஒரு மார்பளவுச் சிலை, பக்கத்தில் அமெரிக்கக் கொடி, கூடவே நீலமும் வெள்ளையுமாக கிரேக்கக் கொடி. “அண்ணா, இவர் யாரோ கிரேக்கத் தளபதியாம், அவர் பேரைத்தான் ஊருக்கு வச்சிருக்காங்க” என்றாள் தங்கை. அவர் இந்த ஊருக்கு வந்திருந்தாரா என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை.

வரவில்லை. டெமெட்ரியோஸ் இப்சிலாண்டிஸ் அமெரிக்காவில் கால் வைத்ததே கிடையாது. 1821-ல் ஒட்டோமான் சுல்தானின் ஆட்சியை எதிர்த்து கிரேக்கர்கள் எழுந்தபோது பெலோபொன்னீஸ் தீபகற்பத்தில் போராடிய தளபதிகளில் ஒருவர். மறு வருடம் பெரும்படை ஒன்று இறங்கி வந்தபோது சில நூறு பேரோடு ஆர்கோஸ் கோட்டைக்குள் நின்று அதைத் தாமதப்படுத்தியவர். அந்தச் சேதி கடல் தாண்டி, பத்திரிகைகள் வழியாக, அப்போதுதான் காடு வெட்டி வீடு கட்டிக்கொண்டிருந்த மிச்சிகன் வரை வந்திருக்கிறது. 1825-ல் இங்கே ஓர் ஊர் உருவானபோது அகஸ்டஸ் உட்வர்ட் என்ற நீதிபதி அந்தப் பெயரை வைத்தார். நியூயார்க் மாநிலத்தில் 1822-ல் பிரிந்த ஓர் ஊருக்கு ‘கிரீஸ்’ என்றே பெயர் வைத்தார்கள். அது இன்னும் இருக்கிறது.

முன்பின் பார்த்திராத ஒருவரின் பெயரை ஊருக்கு வைக்கும் அளவுக்கு ஒரு மக்கள் கூட்டத்துக்கு உணர்ச்சி பொங்கியிருக்கிறது. சரி, அந்த உணர்ச்சி கிரேக்கர்களுக்கு என்ன கொடுத்தது? இந்தக் கேள்வியோடுதான் அன்று வீடு திரும்பினேன். அப்புறம் பல மாதங்கள் அது என்னை விடவில்லை.

கிரேக்கர்கள் கேட்டுத்தான் இருந்தார்கள். எழுச்சி தொடங்கிய சில வாரங்களிலேயே தென் கிரேக்கத்தில் கலமாட்டா ஊரில் கூடிய மெஸ்ஸீனிய சபை, எழுச்சித் தலைவர்களில் ஒருவரான பெட்ரோஸ் மாவ்ரோமிக்காலிஸின் கையெழுத்தோடு அமெரிக்கக் குடிமக்களுக்கு ஒரு வேண்டுகோள் எழுதியது. உங்களைப் பின்பற்றினால் எங்கள் முன்னோரைப் பின்பற்றியதாகிவிடும் என்பது அதில் வரும் ஒரு வரியின் சாரம். யோசித்து எழுதிய வரி. உங்கள் சுதந்திரம் எங்கள் வீட்டுச் சொத்துதான், அதில் எங்களுக்கும் பங்கு உண்டு என்கிற உரிமை அதற்குள் இருக்கிறது. பாரிஸில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அடமாந்தியோஸ் கோராயிஸ் மூலம் அது எட்வர்ட் எவரெட்டின் கைக்குப் போனது. எவரெட் ஹார்வர்டில் கிரேக்க மொழிப் பேராசிரியர். 1819-ல் கிரேக்கம் வரை போய் வந்தவர். பாஸ்டனில் ஒரு முக்கியமான இதழின் ஆசிரியரும் அவரே. அந்த இதழில் வேண்டுகோளைப் போட்டு, கிரேக்கர்களுக்காக உருக்கமாகவும் எழுதினார்.

அன்றைய படித்த அமெரிக்கர்களுக்கு கிரேக்கம் என்றால் பள்ளிப் பாடம். ஹோமரும் டெமாஸ்தனிஸும் மாரத்தான் போரும் சின்ன வயதிலேயே மனப்பாடம். அவர்கள் நேசித்தது அந்தப் புத்தகக் கிரேக்கத்தைத்தான். மலையில் ஆடு மேய்த்து, வரி கொடுத்து நொந்து, மகளை அடிமைச் சந்தைக்குப் பறிகொடுத்த கிரேக்கனை அவர்களில் அநேகமாக யாருக்கும் தெரியாது. ஆனாலும் புத்தகத்தின் மேல் வந்த பாசம் பொய்யில்லை. 1822-ல் கியோஸ் தீவில் ஒட்டோமான் படை நடத்திய படுகொலையைப் பற்றிய சேதி வந்ததும் அது கொதிக்க ஆரம்பித்தது. 1823 கடைசியில் நியூயார்க், பாஸ்டன், பிலடெல்பியா என்று ஊர் ஊராகக் குழுக்கள். தேவாலயங்களில் உண்டியல். கல்லூரிப் பிள்ளைகள் பணம் சேர்த்தார்கள், வெஸ்ட் பாயிண்ட் ராணுவப் பள்ளி மாணவர்களும் சேர்த்தார்கள்.

வாஷிங்டனில் கதை வேறு மாதிரிப் போனது.

1823 ஆரம்பத்தில் கிரேக்கர்களின் தூதர் ஆண்ட்ரியாஸ் லூரியோட்டிஸ் லண்டனிலிருந்து அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜான் குவின்ஸி ஆடம்ஸுக்கு எழுதி, அங்கீகாரமும் உதவியும் கேட்டார். ஆகஸ்டில் அதிபர் மன்றோவின் அமைச்சரவை இதைப் பேசியது. பாரிஸில் தூதராக இருந்த ஆல்பர்ட் கேலட்டின், மத்தியதரைக் கடலில் நிற்கும் நம் சின்னக் கப்பற்படையை கிரேக்கர்களுக்கு உதவியாகக் கொடுக்கலாம் என்றே எழுதியிருந்தார். போர்த்துறைச் செயலர் ஜான் கல்ஹூனுக்கு கிரேக்கர்கள் மேல் அவ்வளவு உற்சாகம். ஆடம்ஸ் அசையவில்லை. இதெல்லாம் வெறும் உணர்ச்சி என்று தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஆகஸ்ட் 18 அன்று லூரியோட்டிஸுக்கு மரியாதையான ஒரு மறுப்புக் கடிதம் போனது. எங்கள் நல்வாழ்த்துகள் உங்களோடு, ஆனால் எங்களுக்குச் சுல்தானோடு சமாதானம் இருக்கிறது, போரில் இறங்க முடியாது.

அந்த வருடம் நவம்பரில் மன்றோ தயாரித்த ஆண்டுச் செய்தியின் முதல் வரைவில் கிரேக்கத்தை அங்கீகரிக்கும் பேச்சு இருந்தது. ஆடம்ஸ் பேசிப் பேசி அதை எடுக்க வைத்தார். டிசம்பர் 2 அன்று வெளிவந்த செய்தி இன்று உலகம் முழுக்க மன்றோ கோட்பாடு என்று அறியப்படுகிறது. அமெரிக்கக் கண்டத்தில் ஐரோப்பிய அரசுகள் இனிக் கைவைக்கக் கூடாது, ஐரோப்பாவின் சண்டைகளில் நாங்களும் தலையிட மாட்டோம். அதே செய்தியில் கிரேக்கர்களின் வீரப் போராட்டம் வெல்லும் என்ற நம்பிக்கையும் இரண்டு மூன்று வாக்கியங்களில் அழகாக இருக்கிறது. இந்தக் கோட்பாட்டைப் பற்றி நாம் படிக்கும்போது லத்தீன் அமெரிக்கா மட்டும்தான் நினைவுக்கு வரும். அதன் மறுபாதியில், ‘தலையிட மாட்டோம்’ என்ற பாதியில், அன்றைக்கு உயிரோடு நின்றுகொண்டிருந்தவர்கள் கிரேக்கர்கள்.

ஆடம்ஸின் வாதம் எனக்குப் புரிகிறது. சின்ன நாடு, சின்னக் கப்பற்படை. ஐரோப்பாவுக்குள் நீங்கள் போனால், உங்கள் கண்டத்துக்குள் அவர்கள் வர மாட்டார்களா? இதில் தவறே இல்லை என்றுகூடச் சொல்வேன். என்னால் ஏற்க முடியாதது அதே வருடத்தில் நடந்த இன்னொரு காரியம்.

1823-ல் ஆடம்ஸ் ஜார்ஜ் பெத்யூன் இங்கிலீஷ் என்பவரை ரகசியமாகச் சுல்தானின் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளுக்கு (இன்றைய இஸ்தான்புல்) அனுப்பினார். இந்த இங்கிலீஷ் ஒரு தனிப் பிறவி. ஹார்வர்டில் இறையியல் படித்துவிட்டு, கிறிஸ்தவத்தைக் கேள்வி கேட்டு எழுதி வம்பில் மாட்டி, பிறகு கடற்படையில் சேர்ந்து, அங்கிருந்து விலகி எகிப்துக்குப் போய் இஸ்லாத்துக்கு மாறி, எகிப்தியப் படையோடு நைல் நதி வழியே நூபியா வரை போனவர். கான்ஸ்டாண்டிநோபிளில் தூர தேசத்து முஸ்லிம் மாதிரி உலாவி, சுல்தானோடு அமெரிக்கா ஒரு வர்த்தக ஒப்பந்தம் போட வழி இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஒரு பக்கம் கிரேக்கர்களுக்கு வாழ்த்து, மறுபக்கம் சுல்தானின் வாசலில் காத்திருப்பு.

எதற்காக? ஸ்மிர்னாவுக்காக. இன்று இஸ்மிர் என்று சொல்லும் துறைமுகம். அங்கிருந்து அமெரிக்கக் கப்பல்கள் அத்திப்பழமும் உலர்ந்த திராட்சையும் ஏற்றின. கூடவே அபினும். இந்தியாவில் விளைந்த அபின் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்ததால், துருக்கி அபினை வாங்கி சீனாவில் காண்டன் துறைமுகத்தில் விற்பது பாஸ்டன் வணிகர்களுக்கு நல்ல வரும்படி. அதில் முன்னால் நின்றது பெர்க்கின்ஸ் குடும்பம். சுல்தானைக் கோபப்படுத்தினால் அந்தத் துறைமுகம் மூடிவிடும். இந்தப் பெர்க்கின்ஸ் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

மாசச்சூசெட்ஸ் உறுப்பினர் டேனியல் வெப்ஸ்டர் டிசம்பர் 8 அன்று பிரதிநிதிகள் சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். போர் இல்லை, படை இல்லை. அதிபர் எப்போது சரி என்று நினைக்கிறாரோ அப்போது கிரேக்கத்துக்கு ஒரு முகவரை அனுப்ப ஆகும் செலவுக்குப் பணம் ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான். 1824 ஜனவரி 19 அன்று அவர் பேசிய பேச்சு அன்றைய பெரும் பேச்சு. தகவல்களையெல்லாம் எவரெட் எடுத்துக் கொடுத்திருந்தார். ஹென்றி கிளே ஆதரித்தார். வர்ஜீனியாவின் ஜான் ராண்டால்ஃப் கடுமையாக எதிர்த்தார். பாஸ்டன் வணிகர்களுக்கும் பிடிக்கவில்லை. கடைசியில் தீர்மானம் வாக்கெடுப்புக்கே வராமல் கிடப்பில் போனது. ஒரு மனிதரை அனுப்பும் செலவுக்குக்கூட அந்தச் சபை கை தூக்கவில்லை.

கிரேக்கர்களின் பணத்தைத் தின்ற கதையும் நடந்தது. 1825-ல் கிரேக்கர்கள் லண்டனில் வாங்கிய கடனிலிருந்து 1,55,000 பவுண்டு நியூயார்க்குக்கு வந்தது, ஐம்பது பீரங்கி தாங்கும் இரண்டு போர்க்கப்பல் கட்ட. வேலையை எடுத்தவை இரண்டு பெரிய வணிக நிறுவனங்கள். ஒன்றின் தலைவர் வில்லியம் பேயர்ட். அவர்தான் நியூயார்க் கிரேக்க நிவாரணக் குழுவுக்கும் தலைவர்! பணம் தீர்ந்தது, கப்பல் இரண்டும் முடியவில்லை, இன்னும் கொடு என்றார்கள். கிரேக்கர்கள் அனுப்பிய அலெக்சாண்ட்ரோஸ் கோன்டோஸ்டாவ்லோஸ் அதிர்ந்துபோய் வாஷிங்டனுக்கு ஓடினார். ஒரு கப்பலை அமெரிக்கக் கடற்படையே ஏறக்குறைய 2,30,000 டாலருக்கு வாங்கிக்கொண்டது, அந்தப் பணத்தில் மற்றது முடிந்தது. அது 1826 கடைசியில் நாஃப்ப்லியோ துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. ‘ஹெல்லாஸ்’ என்று பெயர் வைத்தார்கள். முற்றுகையில் கிடந்த மெஸோலோங்கி என்ற கிரேக்க ஊர் பட்டினியால் விழுந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. இரண்டு கப்பலுக்கான காசில் ஒரே ஒரு கப்பல்.

இத்தோடு நின்றிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

1825-ல் சுல்தானுக்கு உதவியாக எகிப்திலிருந்து இப்ராஹிம் பாஷாவின் படை பெலோபொன்னீஸில் இறங்கியது. ஊர் ஊராக எரித்தது, ஒலிவ மரங்களை வெட்டியது. மக்கள் மலைக் குகைகளுக்கும் தீவுகளுக்கும் ஓடினார்கள். 1827-ல் போர் என்பதைவிடப் பசிதான் பெரிது. அப்போது அமெரிக்கக் குழுக்கள் திரும்ப எழுந்தன, ஆனால் இம்முறை வேறு மாதிரி. ஆயுதத்துக்குப் பணம் இல்லை, சாப்பாடு. கோதுமை மாவு, சோள மாவு, அரிசி, ரொட்டி, எல்லாம் பீப்பாயில் அடைத்து. பெண்கள் ஊர் ஊராகக் கூடி உட்கார்ந்து சட்டைகளும் கவுன்களும் தைத்தார்கள். 1827-லும் 1828-லுமாக எட்டுக் கப்பல்கள் போயின. மொத்தச் சரக்கின் மதிப்பு சுமார் 1,40,000 டாலர். அரசாங்கத்தின் காசு இதில் இல்லை.

முகவராகப் போனவர்களில் ஒருவர் ஜோனதன் பெக்கம் மில்லர், வெர்மான்ட்காரர். 1824-லேயே சண்டை போடக் கிரேக்கம் போனவர். இந்தத் தடவை கையில் துப்பாக்கிக்குப் பதில் சரக்குப் பட்டியல். குழுவின் கட்டளை தெளிவாக இருந்தது: சிப்பாய்க்கு ஒரு பிடி மாவுகூடப் போகக் கூடாது, முதியவர், பெண்கள், குழந்தைகளுக்கு மட்டும். சொல்வது எளிது. கரையில் காத்திருப்பவர்கள் கையில் துப்பாக்கியோடு, பசியோடு நிற்கும் தளபதிகளின் ஆட்கள். அவர்களிடம் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு, பீப்பாயைத் திறந்து, அரைநிர்வாணமாக நிற்கும் ஒரு பெண்ணுக்கு மாவை அளந்து கொட்டி, ஒரு கவுனைக் கையில் கொடுக்க வேண்டும். அந்தக் கவுனைத் தைத்தவள் யாரோ. இந்தப் பெண்ணை அவள் ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. இந்த ஒரு காட்சிக்காக நான் வாஷிங்டன் பேச்சுகள் அத்தனையையும் விட்டுக்கொடுப்பேன்.

இன்னொருவர் சாமுவேல் கிரிட்லி ஹோ. பாஸ்டனில் மருத்துவம் படித்து முடித்த கையோடு கிளம்பி 1825 தொடக்கத்தில் கிரேக்கம் வந்தவர். படையோடு மலை மலையாக அலைந்து காயத்துக்குக் கட்டுப் போட்டார். 1828-ல் ஊர் திரும்பி, கிரேக்கப் போராட்டத்தின் வரலாற்றை அவசர அவசரமாக எழுதி, மேடை மேடையாகப் பேசிப் பணம் திரட்டி, அந்த வருடமே திரும்ப வந்தார். ஏஜினா தீவில் அகதிகள் குவிந்து கிடந்தார்கள். தினமும் இலவசமாக மாவு கொடுத்தால் மனிதன் ஒடிந்து போகிறான் என்று அவருக்குத் தோன்றியது. துறைமுகம் தூர்ந்து கிடந்தது. சரி, கல் சுமக்க வாருங்கள், கூலி தானியமாகத் தருகிறேன் என்றார். நூற்றுக்கணக்கானவர்கள் வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். கடலோரத்தில் கற்களை அடுக்கி ஒரு படகுத்துறை எழுந்தது. அமெரிக்கத் துறை என்று அதற்குப் பெயர் வந்தது. அப்புறம் கொரிந்து பக்கத்தில் அகதிகளைக் குடியேற்றி, ‘வாஷிங்டனியா’ என்று ஒரு கிராமமும் தொடங்கினார்.

கராஃபிலியா மொஹால்பி என்ற சிறுமியையும் சொல்லிவிட வேண்டும். ப்ஸாரா என்ற கிரேக்கத் தீவில் பிறந்தவள். 1824-ல் அந்தத் தீவு அழிந்தபோது பிடிபட்டு அடிமையாகி, ஸ்மிர்னா வந்து சேர்ந்தாள். 1827-ல் தெருவில் ஜோசப் லாங்டன் என்ற அமெரிக்க வணிகரிடம் ஓடிப்போய், என்னைக் காப்பாற்று என்று கெஞ்சினாள். அவர் விலை கொடுத்து மீட்டு, பாஸ்டனில் தன் குடும்பத்திடம் அனுப்பிவைத்தார். மூன்றே வருடம். 1830 மார்ச்சில், பதின்மூன்று வயதில், காசநோயில் போய்விட்டாள். அவள் முகத்தைச் சின்ன ஓவியமாக வரைந்தார்கள், பெற்றோர்கள் மகள்களுக்கு அவள் பெயரை வைத்தார்கள். ஒரு நாடே ஓர் அடிமைச் சிறுமிக்காக அழுதது.

அந்த நாட்டில் அப்போது இருபது லட்சம் அடிமைகள் இருந்தார்கள். அவர்களுக்கும் மகள்கள் இருந்தார்கள்.

இதை அன்றே பார்த்துச் சொன்னவர் டேவிட் வாக்கர். பாஸ்டனில் பழைய துணிக்கடை வைத்திருந்த கறுப்பினத்தவர். 1829-ல் அவர் வெளியிட்ட ‘முறையீடு’ என்ற சிறு நூலில் ஓரிடம் வருகிறது. தென் கரோலினாவில் வந்த ஒரு பத்திரிகையைப் படித்துக்கொண்டிருக்கிறார். துருக்கியர்கள் உலகிலேயே காட்டுமிராண்டிகள், கிரேக்கர்களை மனிதர்களாகவே நடத்தவில்லை என்று ஒரு பத்தி. அதே பத்திரிகையில் ஒரு விளம்பரம்: நல்ல உடற்கட்டுள்ள எட்டு நீக்ரோ ஆண்களும் நான்கு பெண்களும் இன்று ஏலத்துக்கு. வாக்கர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். கிரேக்கத்தைப் பற்றி அமெரிக்காவில் எழுதப்பட்டதில் இதைவிடக் கூர்மையாக நான் வேறு எதையும் படிக்கவில்லை.

கிரேக்கர்களுக்காக அமைச்சரவையில் உற்சாகப்பட்ட கல்ஹூன், பிற்காலத்தில் அடிமை முறை ஒரு நன்மை என்றே செனட்டில் வாதிட்டவர். தூரத்து அடிமைக்காக உருகுவதற்கு அவருக்குச் செலவு எதுவும் இல்லை. ஆனால் மாவு அளந்த கைகள் வேறு மாதிரி ஊர் திரும்பின. மில்லர் வெர்மான்ட் சட்டமன்றத்தில் அடிமை முறைக்கு எதிராக நின்றார், 1840-ல் லண்டனில் நடந்த உலக அடிமை ஒழிப்பு மாநாட்டுக்கும் போனார். ஹோ பின்னாளில் அடிமை முறையை எதிர்த்து ஜான் பிரவுன் நடத்திய ஆயுதக் கிளர்ச்சிக்கே ரகசியமாகப் பணம் கொடுத்தவர்களில் ஒருவர். பசித்தவனை ஒருமுறை கிட்டத்தில் பார்த்துவிட்டால் பிறகு கண்ணை மூடுவது கஷ்டம் போல.

ஹோ இன்னொரு காரியமும் செய்தார். பாஸ்டனில் பார்வையற்றோருக்கான பள்ளியை நடத்தினார். பார்வையும் செவியும் இல்லாத லாரா பிரிட்ஜ்மேனுக்கு விரல்வழி எழுத்து சொல்லிக்கொடுத்தார். அந்தப் பள்ளிக்குத் தன் வீட்டையே கொடுத்தவர் தாமஸ் பெர்க்கின்ஸ். ஆமாம், அதே பெர்க்கின்ஸ், ஸ்மிர்னா அபின் பெர்க்கின்ஸ். பள்ளிக்கு இன்றும் அவர் பெயர்தான். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அரசாங்கத்தின் கணக்கு எப்படி முடிந்தது? 1827 அக்டோபர் 20-ல் கிரேக்கக் கரையோரம் நவரினோவில் சுல்தானின் கப்பற்படையை அழித்தது பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா. கிரேக்கம் சுதந்திர நாடு என்று 1830 பிப்ரவரி 3-ல் லண்டனில் எழுதிக் கொடுத்ததும் அவர்களே. அமெரிக்கா அந்த மே மாதம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது, சுல்தானோடு. மறு வருடமே நியூயார்க்கின் பெயர்பெற்ற கப்பல் கட்டுநர் ஹென்றி எக்ஃபோர்ட் கான்ஸ்டாண்டிநோபிள் போய், அழிந்த கப்பற்படைக்குப் பதில் புதுக் கப்பல் கட்ட ஆரம்பித்தார். அதே 1831-ல், போரோஸ் துறைமுகத்தில், கிரேக்கர்களுக்குள்ளேயே வந்த சண்டையில் கிரேக்கக் கடற்படைத் தளபதி மியாவூலிஸ் ‘ஹெல்லாஸ்’ கப்பலைக் கொளுத்திவிட்டார். கிரேக்கத்தை அமெரிக்கா அங்கீகரித்தது 1837-ல்.

மில்லர் 1828-ல் கிரேக்கத்திலிருந்து திரும்பும்போது தனியாக வரவில்லை. போரில் பெற்றோரை இழந்த நாலு வயதுப் பையன் ஒருவனைக் கூட்டிவந்தார். வெர்மான்ட்டில் தன் பிள்ளையாக வளர்த்தார். லூகாஸ் மில்டியாடிஸ் மில்லர் என்று பெயர். பையன் சட்டம் படித்து விஸ்கான்ஸினில் ஆஷ்காஷ் என்ற ஊருக்குக் குடிபோனான். 1890-ல் அவரை அங்கிருந்து தேர்ந்தெடுத்து, மறு வருடம் வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். வெப்ஸ்டரின் தீர்மானத்துக்கு வாக்கே எடுக்காத அந்தப் பிரதிநிதிகள் சபையில், அறுபத்தேழு வருடம் கழித்து, ஒரு கிரேக்க அநாதை உறுப்பினராக உட்கார்ந்தார்.